வாடிக்கையாளர் உதவி

மார்ச் 3, திங்கள்

உப்பு கிடைக்கவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் முக்கால் மணி நேரம் தேடினேன். மொத்தம் பதினோரு வரிசைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பலகை தொங்குகிறது. ‘சமையல்’ என்ற பலகைக்குக் கீழே எண்ணெய், தீப்பெட்டி, காகிதக் கைக்குட்டை. ‘காலை உணவு’ என்பதன் கீழே தேன். மதியத்துக்கு மேல் தேன் சாப்பிடுகிறவர்கள் எங்கே போவார்கள்? வினிகர் மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது, ஒரு முறை உணவாக, ஒரு முறை தரை துடைக்க. அதே கம்பெனி, அதே பாட்டில். அதை வைத்தவர் யாரோ, அவருக்கு மட்டும் என் மரியாதை.

என் தொழில் புத்தகங்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பது. புத்தகத்தின் கடைசியில் ‘அணை – 14, 87’ என்று ஒரு பட்டியல் வருமே, அது. இருந்தால் யாரும் படிப்பதில்லை. இல்லாவிட்டால் எல்லோரும் திட்டுகிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுக்கிக்கொண்டிருந்த ஊழியரிடம் கேட்டேன். “உப்பா? போன வாரம் வரைக்கும் இங்கதான் இருந்துச்சு,” என்றார், காலமானவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அக்கா கல்யாணமாகிப் போய் இன்றோடு ஒன்பது நாள். இப்படி எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்பது. மாப்பிள்ளை பல் டாக்டர், மனைவியை இழந்தவர். கடைவாய்ப் பல்லுக்குப் போனவள் எட்டு மாதம் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு பல்லுக்கு எட்டு மாதமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருஷம் இந்த ஃப்ளாட்டில் நாங்கள் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டுதான் வாழ்ந்தோம். கடைக்குப் போவது அவள், படிப்பது நான். அவளை நன்றாக ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

உப்பு கிடைத்தது. ‘கேக் செய்யலாம் வாங்க’ என்ற பகுதியில், கலர் கலரான சர்க்கரைத் தூவலுக்குப் பக்கத்தில். என்ன துணிச்சல்.

மார்ச் 7, வெள்ளி

இன்று இயந்திரத்திடம் போனேன். நாமே பொருளைக் காட்டி, நாமே பில் போட்டு, நாமே பையில் வைக்க வேண்டும். கடைக்காரரின் வேலை முழுவதையும் நாம் செய்வதற்குப் பெயர் வசதி.

பால் பாக்கெட்டைக் காட்டினேன். ஏற்றுக்கொண்டது. பையில் வைத்தேன். “தெரியாத பொருள் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. உதவிக்குக் காத்திருக்கவும்,” என்றது. தெரியாத பொருள் என் முழங்கை. எடுத்தேன். “பொருள் அகற்றப்பட்டுள்ளது,” என்றது, இன்னும் சத்தமாக. பின்னால் நின்றவர்கள் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் வந்தார், இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அந்தக் கடையில் பூட்டு என்று எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு அட்டையைக் காட்டினார். இயந்திரம் என்னை மன்னித்தது.

நல்ல குரல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உச்சரிப்பு சுத்தம், ழகரம் பிசகவே இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், இன்று என்னோடு அதிக நேரம் பேசியது அந்தக் குரல்தான்.

மார்ச் 10, திங்கள்

மனிதர்கள் உட்காரும் கவுண்டர் ஆறு. திறந்திருந்தது நான்காவது மட்டும். ஒரு பெண். நாற்பத்தைந்து இருக்கலாம். மூக்குக்கண்ணாடியை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள்.

ஒரு தக்காளி வைத்தேன். எடுத்துப் பார்த்தாள்.

“என்னக்கா, ஒரே ஒரு தக்காளியா? அது தனியாப் போய் என்ன பண்ணும்?”

“சமையல்தான்.”

“துணைக்கு ஒரு வெங்காயமாவது எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இதைப் பிடிச்சு வெச்சிருக்கேன், ஓடிடாது.”

போய் எடுத்து வந்தேன். சரியான வெங்காயம் இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பினாள். மறுபடி போனேன். பதினொரு மணிக்குக் கூட்டமே இருப்பதில்லை, அதனால் யாரும் முணுமுணுக்கவில்லை.

மேடம், அம்மா, ஆன்ட்டி என்றெல்லாம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா என்பது எங்கள் வீட்டில் வேறொருத்தியின் பட்டம். ஐம்பத்தாறு வருஷம் தங்கையாகவே இருந்துவிட்டேன். என் பின்னால் நிற்கும் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

(பேச்சு: வெங்காயம், கால்வலி. 4 நிமிடம்.)

மார்ச் 13, வியாழன்

அக்கா போன் செய்தாள்.

“என்ன சாப்பிட்ட?”

“தக்காளி.”

“தக்காளி ஒரு சாப்பாடாடி?”

“துணைக்கு வெங்காயம்.”

“அத்தான்கிட்ட பேசறியா?”

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

சிரித்தாள். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அக்காவின் சிரிப்பில் இப்போது ஒரு புதுச் சத்தம் இருக்கிறது. நல்ல சத்தம்தான். எனக்குப் பழக்கமில்லை.

“பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா?”

“நிறையப் பேர்,” என்றேன்.

மார்ச் 17, திங்கள்

வாரத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டு வாங்குவதுதான் அறிவுள்ளவர்கள் செய்வது. நான் நாளுக்கு ஒரு பொருள் வாங்குகிறேன். காரணம், அப்போதுதான் எல்லாம் புதிதாக இருக்கும். இன்று வாங்கியது பேட்டரி.

இப்போது செய்துகொண்டிருக்கும் புத்தகம் நகர வடிகால்களின் வரலாறு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். காலை ஏழிலிருந்து பத்தரை வரை வடிகால். பிறகு முகம் கழுவிக்கொண்டு கடை.

நான்காம் கவுண்டர்க்காரி இன்று தன் திரையைக் காட்டினாள். பொருள் ஒன்றுக்கு இத்தனை நொடி என்று கணக்கு. வேகமாகப் போனால் ஓரத்தில் பச்சைக் கோடு, தாமதித்தால் மஞ்சள், இன்னும் தாமதித்தால் சிவப்பு. நாள் முடிவில் எத்தனை சிவப்பு என்று ஒரு தாள் வருமாம்.

“அப்ப என்னால உங்களுக்குச் சிவப்பு வருமே?”

“உங்களுக்கா? அதுக்குத்தான் இது இருக்கு.” ஓரத்தில் ஒரு விசை. மேலே ‘வாடிக்கையாளர் உதவி’ என்று எழுதியிருக்கிறது. “இதை அமுக்கிட்டா நேரம் ஓடாது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க.”

அமுக்கினாள். கோடு நின்றது. நாங்கள் பேசினோம். கடையின் அதிகாரபூர்வ ஏற்பாடு ஒன்றின் கீழ் நான் வருகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

(பேச்சு: என் வடிகால்கள், அவள் மகளின் கையெழுத்து, பேட்டரி எதற்கு என்ற கேள்வி. 9 நிமிடம்.)

மார்ச் 18, செவ்வாய்

பேட்டரிக்கு ஒரு டார்ச் வாங்கினேன். (11 நிமிடம்.)

மார்ச் 19, புதன்

முட்டை பன்னிரண்டாகத்தான் கிடைக்கிறது. தயிர் ஆறு கிண்ணமாக ஒட்டியிருக்கிறது. ஒன்றைப் பிய்த்தால் மற்ற ஐந்தும் அழுகிற மாதிரி ஒரு சத்தம். கீரைக் கட்டை மூன்று நாள் தின்றேன். மாடாகப் பிறந்திருந்தால் குறை சொல்ல மாட்டேன்.

காய்கறிக்கு வைத்திருக்கும் மெல்லிய பைகளைக் கண்டுபிடித்தவரை நான் ஒருமுறை சந்திக்க வேண்டும். எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் அடி என்று தெரிவதில்லை. கசக்கினேன், ஊதினேன், தேய்த்தேன். பக்கத்தில் ஒரு பெரியவரும் அதே நிலையில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் தேய்த்தோம். ஏதாவது பேசியிருக்கலாம். அவருடையது திறந்துகொண்டது, போய்விட்டார்.

மார்ச் 21, வெள்ளி

இன்று அவள் கலகலப்பாக இல்லை. கேட்டேன்.

“முப்பத்தொண்ணாம் தேதியோட ஆறு மாசம் முடியுதுக்கா. நிரந்தரம் பண்றாங்களா, வீட்டுக்கு அனுப்பறாங்களான்னு அன்னிக்குத்தான் சொல்வாங்க.”

“நீங்க நல்லாத்தானே வேலை பாக்கறீங்க?”

“நல்லாப் பாக்கறவங்க ரெண்டு பேரைப் போன தடவை அனுப்பிட்டாங்க. மிஷினு வேற வந்துடுச்சு. அது கால் வலிக்குதுன்னு சொல்லாதுல்ல?” விசையை அமுக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். “வீட்டுக்காரரு முதுகு போய் ஒரு வருஷமாப் படுத்திருக்காரு. என் வேலைலதான்க்கா அடுப்பு எரியுது.”

அவளை அனுப்பிவிட்டால்? அவள் வீட்டு அடுப்பு. அதைத்தான் முதலில் நினைத்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டாவதாக நினைத்ததை எழுத வேண்டியதில்லை.

(பேச்சு: வேலை. 14 நிமிடம்.)

மார்ச் 23, ஞாயிறு

பாராட்டுக் கடிதம் எழுதினேன். கடை வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது, ‘உங்கள் கருத்தே எங்கள் கண்கள்’ என்று. அதில் போடுகிறவர்கள் எல்லோரும் திட்டித்தான் எழுதுவார்கள், அதுவும் மொட்டையாக. “ஊழியர் நல்லவர்” என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? ஆதாரம் வேண்டும். என் தொழிலே அதுதான்.

நல்லவேளை, இந்த நாட்குறிப்பு இருந்தது; இதில் எழுதாத நாட்களுக்கு, பின்பக்கம் நிமிடம் குறித்துவைத்த பில்கள் இருந்தன. தேதி, நேரம், பேசிய பொருள், நிமிடம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து எழுதினேன். ஒன்பது சந்திப்புகள், மொத்தம் எழுபத்திரண்டு நிமிடம். முடிவாக இப்படி: ‘வாடிக்கையாளருடன் பேசுவதற்காக இவர் தம் கடிகாரத்தையே நிறுத்திவைக்கிறார். இத்தகைய விசை ஒன்றை வைத்திருக்கும் நிர்வாகத்தையும், அதைத் தயங்காமல் பயன்படுத்தும் ஊழியரையும் வேறெங்கும் நான் கண்டதில்லை.’

இரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. நான் எழுதியவற்றில் யாராவது முழுக்கப் படிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. தெரிய வரும்போது தெரியட்டும்.

மார்ச் 27, வியாழன்

நான்காம் கவுண்டரில் மஞ்சள் சங்கிலி. நேற்றும் இருந்தது, விடுப்பு என்று நினைத்தேன்.

சாவிக்கொத்து வந்தார். “அந்தம்மா பின்னாடி குடோன்ல இருக்காங்க, மேடம்.” பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். “லெட்டர் எழுதினது நீங்கதானே? ரொம்ப உபயோகமா இருந்துச்சு.”

உபயோகம்.

கடையின் பின்பக்கம் போனேன். அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

“நீங்களாக்கா எழுதினீங்க?”

“பாராட்டித்தான்...”

“தெரியும். எம்முன்னாடிதான் படிச்சாங்க. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க.” ஒரு பெட்டியை மிதித்தாள். “அந்த விசை, பொருள் கிழிஞ்சிருந்தா, விலை இல்லைன்னா அமுக்கறது. பேசறதுக்கு இல்ல. எவ்ளோ நேரம் அமுக்கினேன்னு அவங்ககிட்ட இருந்துச்சு. எதுக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு. நீங்க தேதி போட்டு, மணி போட்டு, கீழ கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டீங்க.”

“எனக்குத் தெரியாதும்மா.”

“எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? தினமும்தான வந்தீங்க?” இன்னொரு பெட்டி. “முப்பத்தொண்ணோட போதும்னுட்டாங்க.”

அக்கா என்று கடைசி வரை விடாமல்தான் கூப்பிட்டாள், இல்லை, கடைசியில் கூப்பிடவில்லை. முதலில் மட்டும்தான்.

மார்ச் 28, வெள்ளி

ஒரு பக்கம்கூட வேலை ஓடவில்லை.

ஏன்டி எழுதின? யாரு கேட்டா உன்னை? ஒருத்தி நாலு வார்த்தை சிரிச்சுப் பேசினா அதை வாங்கிட்டு வீட்டுக்கு வரத் தெரியாதா? நிமிஷம் எண்ணணுமா? எண்ணினதை ஊருக்குப் படிச்சுக் காட்டணுமா? பெரிய படிப்பாளி. விசைன்னு எழுதியிருந்தா விசைதான், உதவின்னு எழுதியிருந்தா உதவிதான் – எழுதினதை அப்படியே நம்பறதுக்கு முப்பது வருஷம் சர்வீஸ்!

அக்காவிடம் சொல்லலாமா? சொன்னால் என்ன சொல்வாள். “இதுக்குத்தான் நீ கடைக்குப் போகாதேன்னேன்” என்பாள்.

உதவி இல்லை என்கிறார்கள். இல்லையா? அது உதவி இல்லாமல் வேறு என்ன?

மார்ச் 29, சனி

மேலாளரைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். அறை சின்னது, பழச்சாறுப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேஜை. உட்காரச் சொன்னார். மரியாதை தெரிந்தவர், அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“விசையை அவங்க தப்பா உபயோகிக்கலை,” என்றேன். “நான் உதவி தேவைப்பட்ட வாடிக்கையாளர்தான்.”

“என்ன உதவி, மேடம்?”

வீட்டிலிருந்து வரும்போதே வாக்கியத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன், நல்ல வாக்கியம், மூன்று உட்பிரிவு. வாயில் வந்தது வேறு.

“எனக்குப் பேச ஆள் இல்ல.”

அவர் பேனாவைப் பார்த்தார். நான் பழச்சாறைப் பார்த்தேன்.

“அக்காவும் நானும் இருந்தோம். அவ போயிட்டா.”

“ஐயோ, எப்ப மேடம்?”

“சாகலைங்க. கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா.”

சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “விசையை அமுக்கினா காரணம் போடணும், மேடம். நாலுதான் இருக்கு. விலைச் சந்தேகம், சேதமான பொருள், உடல்நலக் குறைவு, பிற.”

நான் வாழ்க்கையில் ஒரு சொல்லடைவில்கூடப் ‘பிற’ என்று போட்டதில்லை. யோசிக்கச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்த சொல் அது. அதில் என்னைப் போடும்படி கெஞ்சினேன்.

“பிறன்னு போட்டா விளக்கம் எழுதணும். மேல அனுப்பணும். நீங்களே எழுதித் தருவீங்களா?”

“தர்றேன்.”

“இந்தத் தடவை...” என்று ஆரம்பித்துத் தயங்கினார். “கொஞ்சம் சுருக்கமா, மேடம்.”

அங்கேயே எழுதினேன். ‘நான் தனியாக வசிக்கிறேன். நாள் முழுக்க என்னோடு பேசுவதற்கு ஆள் இல்லை. அதற்காகவே தினமும் வந்தேன். அந்த ஊழியரை நான்தான் நிறுத்திவைத்தேன்; அவர் என்னைத் துரத்தவில்லை, அவ்வளவுதான். உதவி கேட்டது நான். செய்தது அவர்.’ தேதியும் நிமிடமும் போடவில்லை.

படித்தார். மடித்தார். “வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?” என்றார், வாய்ப் பழக்கத்தில். சொன்ன பிறகு அவருக்கே காது சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பைப் பின்னாலிருந்து புரட்டினேன். ‘தனியாக’ என்ற சொல்லை ஒரு இடத்திலும் நான் எழுதியிருக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அது தக்காளியைப் பற்றி. அதுவும் அவள் சொன்னது.

மார்ச் 31, திங்கள்

கடைக்குப் போகவில்லை. வீட்டில் பால் இல்லை. இல்லாவிட்டால் என்ன.

ஏப்ரல் 2, புதன்

சங்கிலி இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள்.

பத்து நிமிடம் சோப்புகளுக்குப் பின்னால் நின்றேன். இயந்திரத்துக்குப் போவதா, அவளிடம் போவதா? இயந்திரத்துக்குப் போனால் கோபம் என்று நினைப்பாள். அவளிடம் போனால் வெட்கமில்லை என்று நினைப்பாள். கூடையில் நான்கு பொருள் இருந்தது. நான்கையும் நகரும் பட்டையில் வரிசையாக வைத்தேன், பார்கோடு போட்ட பக்கம் அவளைப் பார்க்கும்படி. பையை முன்பே விரித்துவைத்தேன்.

பீப், பீப், பீப், பீப். பச்சைக் கோடு அசையவில்லை.

“மூணு மாசம் நீட்டிச்சிருக்காங்க,” என்றாள், பில்லைக் கிழித்துக்கொண்டே. “நிரந்தரம் இல்ல. பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

நான் வாயைத் திறந்தேன்.

“இனிமே என்னைப் பாராட்டாதீங்க.”

அடுத்தவர் வந்துவிட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஐந்து பொருள். “பை வேணுமா?” “வேண்டாம்.” “நன்றி.” எல்லோருக்கும் சொல்கிற அதே நன்றி.

விசையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கறுப்பு ஒட்டுத்தாள். இனி உதவி வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும்; சாவிக்கொத்து வருவார்.

வேலை இருக்கிறது அவளுக்கு. அதைத்தானே கேட்டேன். கேட்டது கிடைத்தது. வடிகாலில் பக்கம் முந்நூறைத் தாண்டிவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மூன்று பொருள். மூன்றாவதை ஸ்கேனரில் காட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

“புது ஷிஃப்ட்ல வியாழன் லீவுக்கா.”

பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். நகர வேண்டியிருந்தது, பின்னால் ஆள். வெளியே வந்த பிறகுதான் காதில் விழுந்தது. கடைசியில் ஒட்டியிருந்த அந்த ‘க்கா’.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான்: “லீவுல என்ன பண்ணுவீங்க?”

அவள்: “கடைக்குப் போகணும்.”

நேரம் முடிந்தது.

ஏப்ரல் 9, புதன்

நான்: “எந்தக் கடை?”

அவள்: “இதைத் தவிர எதுன்னாலும். லீவுலயும் இந்த மூஞ்சிங்களையா பாக்கறது?”

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில்கூட ஒரு இதழில் இதைவிட அதிகமாக நடக்கும். ஆனால் இவ்வளவு ஆவலாக நான் எந்தத் தொடரையும் படித்ததில்லை. இரண்டு பொருள் வாங்கினால் ஒரு வாக்கியத்துக்கு இடம் இருக்கிறது, ஐந்து வாங்கினால் இரண்டரை. இன்று ஐந்து.

ஏப்ரல் 11, வெள்ளி

நான்: “நேத்து போனீங்களா?”

அவள்: “போனேன். ரெண்டு கையும் போச்சு. அவரு முன்னெல்லாம் கூட வருவாரு.”

ஏப்ரல் 14, திங்கள்

சாவிக்கொத்து அவள் பின்னாலேயே நின்றார். ஒன்றும் இல்லை. ஆறு பொருள் வீண்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவள்: “வியாழக்கெழமை நீங்களும் வாங்களேன். பை தூக்க ஆளில்ல.”

“வர்றேன்,” என்றேன். சொன்ன பிறகும் நேரம் மிச்சமிருந்தது.

ஏப்ரல் 16, புதன்

வடிகால் முடிந்தது. அனுப்பிவிட்டேன். கடைக்குப் போகவில்லை, வாங்க வேண்டியதை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

அந்தக் கடை இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. இதைவிடப் பெரிது, இதைவிடக் குழப்பம். சட்டை மாறினால் மனிதரே மாறிவிடுகிறார் என்பதை இன்று பார்த்தேன். வாடிக்கையாளராக அவள் ஒரு பேரிடர். ட்ராலியை வழியின் குறுக்கே நிறுத்துகிறாள். ரொட்டியை அமுக்கிப் பார்க்கிறாள், வாங்குவதில்லை. முட்டை டப்பாக்களைத் திறந்து, இதிலிருந்து இரண்டை அதில் மாற்றுகிறாள். வேண்டாமென்று முடிவான சோப்பை உருளைக்கிழங்கின் மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

“எடுத்த இடத்துல வைக்கணும்ல?” என்றேன்.

“ஆறு மாசமா நான் எடுத்து வெச்சேன்ல? இன்னிக்கு அவங்க வைக்கட்டும்.”

சோப்பை நான் கொண்டுபோய் வைத்தேன். சோப்புப் பகுதி எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தால், “எங்கக்கா போனீங்க, தொலைஞ்சிட்டீங்கன்னு நெனச்சேன்,” என்கிறாள். காணோம் என்று என்னை ஒருவர் தேடியிருக்கிறார்.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண். வரிசையில் நிற்கும்போது என்னோடு வந்தவள் தன் மகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கோடு போட்ட பக்கம் அந்தப் பெண்ணைப் பார்க்கும்படி பொருள்களை வரிசையாக அடுக்கினோம், கனமானவை முதலில், நசுங்குகிறவை கடைசியில். நான் பையை விரித்தேன், அவள் போட்டாள். ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண் பயந்தே போனாள். நாங்கள் சண்டை என்று நினைத்திருப்பாள்.

“பச்சைதான்,” என்றாள் வாசலுக்கு வந்ததும், திரும்பிப் பார்த்துவிட்டு. “பாத்தேன்.”

நிறுத்தத்தில் பைகளைக் கீழே வைத்தோம். மகள் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தாள். வீட்டுக்காரர் இப்போது சாய்ந்து உட்காருகிறாராம், போன ஞாயிறு முதல்.

“மேனேஜர் சொன்னாரு, கேக்கணும்னு நெனச்சேன். உங்க அக்கா ஏன் உங்களை விட்டுட்டுப் போனாங்க?”

“பல்வலி.”

சொன்னேன், டாக்டர், எட்டு மாதம் எல்லாவற்றையும். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து மாட்டிக்கொண்டு, “அது சரி. உங்களுக்கு வலிக்கலையா?” என்றாள்.

இல்லை என்றேன்.

அவள் பையைத் தொடவில்லை. நகரவும் இல்லை.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தேன். பேருந்து வந்தது. நான் பைகளை எடுத்தேன். “அது போகட்டும், நீங்க சொல்லுங்க,” என்றாள். போனது. இன்னொன்று வந்தது. அதையும் விட்டோம்.